கைப்பிடி யார் கையில்? போர் பயத்தைப் பேசும் கலையைப் பெங்களூரில் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடந்த ஒரு பிப்ரவரி வாரத்தில் எலஹங்காவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மொட்டை மாடியில் நின்றால் போர் விமானங்கள் தலைக்கு மேலேயே வளைந்து திரும்பும். அக்கா பையனுக்கு அப்போது ஐந்து வயது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஒவ்வொரு விமானத்துக்கும் குதித்துக் குதித்துக் கத்தினான். அன்று ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை. "அதுக்கு நம்ம வீடு தெரியுமா மாமா?" என்று கேட்டான்.

குதித்ததும் அவன்தான், விளக்கு கேட்டதும் அவன்தான். குழந்தைமை, தொழில்நுட்பம், ராணுவமயமாக்கல் என்று பெரிய பெரிய வார்த்தைகளைக் கலைக்கூடச் சுவரில் பார்த்து மிரளும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். அந்த வகைக் கலை பெரும்பாலும் மாடிக்கும் படுக்கைக்கும் நடுவிலுள்ள அந்தச் சில மணி நேரத்தைப் பற்றியது.

நானும் மிரண்டவன்தான். முதல் முறை ஒரு கேலரிக்குப் போனபோது இருட்டறையில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கேம் ஆடுவது போலத் தெரிந்தது. மூன்று நிமிடம் நின்றேன், ஒன்றும் புரியவில்லை, வெளியே வந்து காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். வாசலில் இருந்த லேபிளைக்கூடப் படிக்கவில்லை. அந்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக்குள் தேடுங்கள்

கேலரிக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து, நீங்கள் சின்ன வயதில் விளையாடிய சாமான்களை ஒரு தாளில் எழுதுங்கள். யார் வாங்கிக் கொடுத்தது, என்ன சத்தம் போட்டது, யாரைப் பார்த்து நீட்டினீர்கள். சிரிப்பாக இருக்கும். ஆனால் செய்துவிட்டுப் போங்கள்.

என் பட்டியலில் முதலில் வந்தது தீபாவளித் துப்பாக்கி. சுருள் கேப் போட்டுச் சுட்டால் வரும் அந்தக் கந்தக வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அடுத்தது பச்சை நூல் சுற்றிய ஆட்டம் பாம். பக்கத்து வீட்டுத் தாத்தா தூக்கத்திலிருந்து எழும்படி அதைக் கொளுத்துவதில் எங்கள் தெருவில் போட்டியே உண்டு. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் போட்ட குண்டுக்கு அதைச் செய்தவர்கள் வைத்த செல்லப்பெயர் 'லிட்டில் பாய்', சின்னப் பையன். நாம் பையன் கையில் கொடுக்கும் வெடிக்கு அணுகுண்டு என்று பெயர் வைத்தோம், அவர்கள் அணுகுண்டுக்குப் பையன் என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானியக் கலைஞர் தகாஷி முராகாமி 2005இல் நியூயார்க்கில் தொகுத்த கண்காட்சிக்கு இந்தப் பெயரையே வைத்தார். போருக்குப் பிந்தைய ஜப்பானின் பொம்மைகளுக்கும் கார்ட்டூன்களுக்கும் அடியில் அந்தக் குண்டு இருக்கிறது என்பது அவர் வாதம்.

இன்னும் பின்னால் போனால் ஐம்படைத்தாலி. சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்று திருமாலின் ஐந்து ஆயுதங்களையும் குட்டியாகச் செய்து கோத்து, காவலுக்காகக் குழந்தையின் கழுத்தில் கட்டிய நகை. பால் மணம் மாறாத பிள்ளையின் நெஞ்சில் ஆயுதம்! அதைப் பார்த்து யாரும் பயந்ததாகத் தெரியவில்லை, பூரித்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழில் ஆண்குழந்தைக்குரிய கடைசிப் பருவமும் சிறுதேர்தான். ஆகவே இது ஏதோ மேல்நாட்டுக் கேலரிக்காரர்களின் கவலை, நமக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். குழந்தையைக் காப்பதற்கு ஆயுதம், அந்த ஆயுதத்திடமிருந்து குழந்தையை யார் காப்பது என்ற சிக்கல் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரே ஒரு பொருளை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள்

பத்துக் கலைஞர்களின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட இது மேல். என் சிபாரிசு திப்புவின் புலி, மைசூரை ஆண்ட திப்பு சுல்தானிடம் இருந்த மரப் பொம்மை.

கலாசிபாளையத்துக்குப் பக்கத்தில், கிருஷ்ணராஜ மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், திப்புவின் கோடைக்கால அரண்மனை இருக்கிறது. 1791இல் கட்டி முடித்த மர அரண்மனை. கூட்டம் குறைந்த ஒரு காலையில் அங்கே தூண்களுக்கு நடுவில் ஓரமாக நின்று, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, யூடியூபில் 'டிப்பூஸ் டைகர்' என்று தேடி அந்தப் புலியின் சத்தத்தைக் கேளுங்கள். கீழே மல்லாந்து கிடக்கும் ஐரோப்பியன், அவன் மேல் ஏறி நிற்கும் மரப்புலி, கிட்டத்தட்ட நிஜ அளவில். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் மனிதனின் கை மேலும் கீழும் ஆடும், அவன் அலறுவான், புலி உறுமும். புலியின் வயிற்றுக்குள் ஒரு சின்ன ஆர்கன் வாத்தியமும் உண்டு.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கம்பெனிப் படை இதை எடுத்துக்கொண்டு போனது. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கட்டடத்தில் வைத்தார்கள். வந்தவர் போனவர் எல்லாரும் கைப்பிடியைச் சுற்றி விளையாடியதில் பக்கத்து வாசகசாலையில் படிப்பவர்களுக்குப் பெரிய தொந்தரவாம். இப்போது அது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

பொம்மை அதேதான். சுற்றிய கை மாறியது, அதனால் அர்த்தமும் மாறியது. மைசூரில் எதிரியைப் பழிக்கும் விளையாட்டாக இருந்தது லண்டனில் வெற்றிக் கோப்பையாகிவிட்டது. எனவே இந்த வகைப் படைப்பு எதன் முன் நின்றாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது இது: கைப்பிடி யார் கையில் இருக்கிறது? இந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு நான் பல மதியங்களைக் கழித்திருக்கிறேன்.

போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய சில படைப்புகள்

இவற்றைப் பெங்களூரில் நேரில் பார்க்க முடியும் என்று நம்பிப் போகாதீர்கள். கைபேசியில் படங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டால் போதும். பிறகு இங்கே எதைப் பார்த்தாலும் ஒப்பிட ஏதாவது இருக்கும்.

வஃபா பிலால் இராக்கில் பிறந்தவர், அமெரிக்காவில் வாழ்பவர். அவருடைய தம்பி 2004இல் அமெரிக்கத் தாக்குதலில் இறந்தார். 2007இல் சிகாகோவில் ஒரு கேலரி அறைக்குள் ஒரு மாதம் குடியிருந்தார். அறையில் இணையத்தோடு இணைத்த ஒரு பெயின்ட்பால் துப்பாக்கி, சாய உருண்டைகளைச் சுடுவது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் மவுஸை அசைத்துக் குறிபார்த்து அவரைச் சுடலாம். மாதம் முடிவதற்குள் 60,000 தடவைக்கு மேல் சுட்டிருந்தார்கள். அறை முழுக்க மஞ்சள் சாயம். சுட்டவர்களில் எத்தனை பேருக்கு அது கேம் மாதிரி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் எனக்கு அதைவிட மறக்க முடியாதது வேறு: சிலர் கூட்டாகச் சேர்ந்து, முறை போட்டு, துப்பாக்கியை இடது பக்கமே திருப்பிப் பிடித்து அவரைக் காப்பாற்றப் பார்த்தார்கள். அதே மவுஸ், அதே பொத்தான்.

ஜெர்மன் திரைப்பட இயக்குநர் ஹாரூன் ஃபரோக்கியின் நான்கு பகுதி வீடியோ ஒன்று 2009-10இல் வந்தது. அமெரிக்கப் படைவீரர்களுக்குப் போருக்கு முன் பயிற்சி கொடுக்கவும், போரிலிருந்து மனம் உடைந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை தரவும் ஒரே மாதிரியான கணினி விளையாட்டுத் தொழில்நுட்பம் பயன்படுவதை அது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். இது கலைஞரின் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2018இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த யூ.எஸ்.எஸ். கொலராடோ நீர்மூழ்கியில் வெளியே பார்க்கும் கேமராவைத் திருப்புவதற்கு வைத்திருப்பது எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்தான். பிள்ளைகளின் கைக்கு ஏற்கனவே பழகியது, பயிற்சி நேரம் மிச்சம்.

எதிர்த்திசையில் போனவர் மஸூத் ஹஸ்ஸானி. காபூலில் வளர்ந்தவர். சின்ன வயதில், காற்றில் உருண்டு ஓடும் வண்டிகளைக் கிடைத்த பொருளில் செய்து விளையாடியிருக்கிறார், நம் ஊர் நுங்கு வண்டி, ஓலைக் காற்றாடி போல. காற்று பலமாக அடித்தால் அது கண்ணிவெடி புதைத்த நிலத்துக்குள் ஓடிவிடும், போய் எடுக்க முடியாது. பிறகு நெதர்லாந்தில் வடிவமைப்பு படித்தபோது, 2011இல், அதே பொம்மையை ஆள் உயரத்துக்குச் செய்தார். மூங்கில் குச்சிகள், நுனியில் வட்டப் பிளாஸ்டிக் பாதங்கள், பெரிய பூப்பந்து மாதிரி. காற்று தள்ள உருண்டு போய், கண்ணிவெடியை மிதித்துத் தானே வெடிக்கவைக்கும். இதில் கைப்பிடியே கிடையாது, காற்றுதான் ஓட்டுகிறது. எந்த அளவுக்கு நடைமுறையில் பயன்படும் என்று கேட்டால் கண்ணிவெடி அகற்றுபவர்கள் உதட்டைப் பிதுக்கலாம். இருக்கட்டும். தொலைந்துபோன பொம்மையைத் தேடிப் போன பையனாக அதைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நம் பக்கத்தில் கே.ஜி. சுப்பிரமணியன். மதராஸ் பிரசிடென்சி கல்லூரியில் பொருளாதாரம் படித்து, 1942 போராட்டத்தில் சிறைக்குப் போய், பிறகு சாந்திநிகேதனில் ஓவியம் கற்றவர். பரோடாவில் ஆசிரியராக இருந்தபோது கலைச் சந்தைக்காக மரத்தில் பொம்மைகள் செய்தார், குழந்தைகளுக்குப் படப் புத்தகங்கள் வரைந்தார். வங்கதேசப் போர் நடந்த 1971இல் அதே கைகள் சுடுமண்ணில் பதக்கம் குத்திய தளபதிகளைச் செய்தன. இரண்டின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நளினி மலானி 1946இல் கராச்சியில் பிறந்து, பிரிவினையில் கைக்குழந்தையாக இந்தியா வந்தவர். 1998 பொக்ரான் அணுச்சோதனைக்குப் பிறகு அவர் செய்த வீடியோ நிறுவுகலையில் (ஓர் இடத்தில் பொருட்களை அமைத்துக் காட்டும் கலை) தகரப் பெட்டிகளுக்குள் டிவிகள் ஓடும். அகதிகள் தூக்கி வந்த அதே தகரப் பெட்டி. யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன் போரில் வீடிழந்த தமிழர்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லித் தொகுத்தார், 2011இல் வந்தது. நம் மொழிக்காரர்களின் அனுபவம் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள். கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று கோடு போட்டிருப்பார்கள்.

கடைசியாக ஒன்று, எங்கள் பையனின் கேள்விக்காக. 2014இல் ஆளில்லா ட்ரோன் விமானங்களின் தாக்குதலை எதிர்த்து, பாகிஸ்தானின் கைபர் பக்துன்க்வா பகுதியில் ஒரு குழந்தையின் முகத்தை மிகப் பெரிதாக அச்சடித்து வயலில் விரித்து வைத்தார்கள். ட்ரோன் கேமராவில் மனிதர்கள் புள்ளியாகத் தெரிவார்கள், இயக்குபவர்களின் பேச்சில் சாவுக்குப் 'பூச்சி நசுங்கல்' என்று பெயர். மேலே இருந்து பார்ப்பவனுக்கு முகம் தெரியட்டும் என்றுதான் அந்தப் படம். 'அதுக்கு நம்ம வீடு தெரியுமா' என்ற கேள்வியை அந்த ஊர்க்காரர்கள் வேறு மாதிரி கேட்டிருக்கிறார்கள்.

சரி, இப்போது கிளம்புங்கள்: கஸ்தூர்பா சாலை

முதல் நாளுக்கு ஒரே சாலை போதும். ஊதா வழித்தட மெட்ரோவில் கப்பன் பார்க் நிலையத்தில் இறங்குங்கள். திங்கட்கிழமை வேண்டாம், நிறைய அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை.

விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் தொடங்குவது என் பழக்கம். "அது சயின்ஸ் மியூசியம், கலை எங்கே?" என்று கேட்பீர்கள். உள்ளே ரைட் சகோதரர்களின் விமானத்தின் முழு அளவு மாதிரி இருக்கிறது. அதன் கீழே நின்று இந்தக் கணக்கைப் போடுங்கள். 1878இல் அப்பா வாங்கிவந்த, ரப்பர் பேண்டில் பறக்கும் ஒரு பொம்மைதான் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் பறக்கும் ஆசையைக் கொடுத்தது. 1903இல் பறந்தார்கள். 1909இல் அமெரிக்க ராணுவம் அவர்களிடம் விமானம் வாங்கியது. 1911இல் லிபியாவில் ஓர் இத்தாலிய விமானி முதல் முறையாக விமானத்திலிருந்து குண்டு போட்டார். பொம்மைக்கும் குண்டுக்கும் இடையில் 33 வருடம். பள்ளிப் பிள்ளைகள் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கூடத்தில் இதை நினைத்தால் அந்த இரைச்சல் வேறு மாதிரி கேட்கும்.

அதே சாலையில் நடந்தால் மேப் என்று எல்லாரும் சொல்லும் கலை, புகைப்பட அருங்காட்சியகம், 2023இல் திறந்தது. கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். போவதற்கு முன் இணையதளத்தில் என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தலைப்பில் போர் இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள். பழைய ஸ்டூடியோ புகைப்படத்தில் கையில் பொம்மையோடு நிற்கும் ஒரு பிள்ளை போதும்.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கப்பன் பார்க்கில் பால பவன் பக்கம் உட்காருங்கள். மூளைக்கு ஓய்வு வேண்டும். ஒரே நாளில் மூன்றாவது இடத்துக்கு ஓடுபவர்கள் எதையும் பார்ப்பதில்லை.

வேறொரு நாள் கிழக்குப் பக்கம் போகலாம். பழைய விமான நிலையச் சாலையில், விமானம் செய்யும் எச்.ஏ.எல். நிறுவனத்தின் பாரம்பரிய மையம். 2001இல் திறந்தது. புல்வெளியில் நிற்கும் மாருத் போர் விமானத்தைப் பாருங்கள். 1961இல் முதலில் பறந்தது. அதை வடிவமைத்த குர்ட் டாங்க் அதற்கு முன் ஹிட்லர் காலத்து ஜெர்மனிக்குப் போர் விமானம் வடிவமைத்தவர். பிள்ளைகள் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்க சிமுலேட்டரும் இங்கே உண்டு. அக்கா பையன் இறங்க மறுத்துவிட்டான்! நான் பக்கத்தில் நின்று அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் நம் ஹலசூர். ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம், பக்கத்தில் 2009இல் திறந்த வள்ளுவர் சிலை, அதற்கு அந்தப் பக்கம் முழுக்க மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் இடம். அந்தப் படையினருக்கு ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் பெயர். முள்வேலியைத் தகர்க்கக் குழாயில் வெடிமருந்து அடைத்துச் செய்த 'பெங்களூர் டார்பிடோ' 1912இல் இந்தப் படைப்பிரிவில்தான் பிறந்தது. இந்த ஊர்ப்பெயரிலேயே சண்டை உண்டு: நகரின் தெற்கே பேகூர்க் கோயிலில் உள்ள, பெங்களூரு என்ற பெயர் வரும் சுமார் கி.பி. 890ஆம் ஆண்டின் கல்வெட்டும் ஒரு வீரக்கல்தான், ஊர்ப்பெயர் ஒரு சண்டையின் பெயராக அதில் வருகிறது. ராணுவ இடங்களின் மதில் ஓரத்தில் படம் எடுக்காதீர்கள், பலகையில் போட்டிருப்பார்கள், சிக்கலாகிவிடும்.

புதிய கலைஞர்களைப் பார்க்க வேண்டுமென்றால் சஞ்சய்நகர்ப் பக்கம் சயின்ஸ் கேலரி (2024இல் திறந்தது, அனுமதி இலவசம்), இந்திராநகர் சி.எம்.எச். ரோட்டில் ஜெர்மன் கலாச்சார மையம், சாந்திநகரில் '1 சாந்திரோடு' என்ற கலைக்கூடம். சயின்ஸ் கேலரியில் விளக்கம் சொல்ல இளைஞர்கள் நிற்பார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார், இது பெங்களூர்.

முன்னால் நின்ற பிறகு

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது வீடியோவின் நீளம். பன்னிரண்டு நிமிடம் என்றால் பன்னிரண்டு நிமிடம் உட்காருங்கள், நடுவில் நுழைந்திருந்தால் சுற்று மறுபடி தொடங்கும்வரை. விளக்கக் குறிப்பைப் பிறகு படிக்கலாம். அதை முன்பே படித்தால் கண் குறிப்பில் இருப்பதை மட்டுமே தேடும்.

அளவைக் கவனியுங்கள். ஆயுதத்தைச் சின்னதாக்கியிருக்கிறாரா, பொம்மையைப் பெரிதாக்கியிருக்கிறாரா? இரண்டும் வேறு வேறு பயம். சின்னதான ஆயுதம் முதலில் சிரிக்கவைத்து அப்புறம் உறுத்தும். பெரிதான பொம்மையின் முன் நீங்களே குழந்தையாகிவிடுவீர்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். அப்புறம் நம் கைப்பிடிக் கேள்வி. சில படைப்புகளில் அதை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள், பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அழுத்தலாமா என்று தயங்கினீர்களானால் அந்தத் தயக்கத்தை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தயங்காமல் அழுத்தியிருந்தால் அதையும் எழுதுங்கள், யாரும் பார்க்கப்போவதில்லை.

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. பொம்மைத் துப்பாக்கியை அடுக்கிவைத்துவிட்டு 'போர் கெட்டது' என்பதோடு நின்றுவிடும் படைப்புகள் நிறைய. அதைச் சொல்ல நம் பாட்டி போதும். கேலரி என்பதற்காகத் தலையாட்ட வேண்டியதில்லை.

குழந்தையை அழைத்துப் போவதானால்

நீங்கள் தனியாக ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, பிறகு அழைத்துப் போங்கள். இருட்டறையும் திடீர்ச் சத்தமும் சில பிள்ளைகளுக்கு ஆகாது. கையை இழுத்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். உள்ளே நின்று விளக்கம் சொல்லாதீர்கள். அவர்கள் முதலில் எதைக் காட்டுகிறார்களோ அதன் முன் நில்லுங்கள், அது தீயணைக்கும் சிலிண்டராக இருந்தாலும்.

வீட்டுக்கு வந்ததும் தாளும் கிரேயானும் கொடுங்கள். "என்ன பார்த்தாய், வரை" என்று பரீட்சை வைக்க வேண்டாம், சும்மா கொடுங்கள். வரைந்து முடித்தால் பெயரை எழுதச் சொல்லுங்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் நாஜிகளின் தெரேசின் முகாமில் அடைபட்டிருந்த ஓவியர் ஃப்ரீட்ல் டிக்கர்-பிராண்டைஸ் அங்கிருந்த யூதக் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தார். ஒவ்வொரு படத்திலும் அவரவர் பெயரை எழுதவைத்தார். 1944இல் அவர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார், அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரும் பிழைக்கவில்லை. இரண்டு பெட்டிகளில் சுமார் 4,500 படங்கள் மிஞ்சின. பூக்கள், வீடு, பட்டாம்பூச்சி. அவை இப்போது பிராக் யூத அருங்காட்சியகத்தில், பெயர்களோடு இருக்கின்றன.

அக்கா பையன் அந்த வாரம் வரைந்த விமானம் என் பீரோவில் இருக்கிறது. விமானத்துக்குக் கீழே ஒரு வீடு, மாடியில் மூன்று பேர், எல்லாருக்கும் கை மட்டும் பெரிது. பின்பக்கம் அவனே கோணல் எழுத்தில் பெயர் எழுதினான், நான் தேதி போட்டேன்.